ஆயுதத்தோடு ஒருவர் ஆஸ்பத்திரிக்குள் வந்தால்: வன்னியில் ஊழியர் ஒத்திகையை நடத்தும் முறை

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பக்கத்து வைத்தியசாலை ஒன்றில் "ஆயுததாரி ஒத்திகை ஒன்று செய்யுங்கோ" என்று உங்கள் தலையில் பொறுப்பைக் கட்டியிருந்தால், இது உங்களுக்கு. தீ ஒத்திகை நடத்திப் பழகியவர்கள்தான் இதில் அதிகம் தடுமாறுகிறார்கள். தீ ஒத்திகையில் சரியாக இருக்கும் பல விடயங்கள் இங்கே ஆளைக் கொல்லும்: மணி அடிப்பது, எல்லோரையும் நடைபாதைக்கு எடுப்பது, முன் வளவு வேப்பமரத்தடியில் ஒன்றுகூட்டித் தலை எண்ணுவது. அடுத்த வகை, வெளிநாட்டுக் காணொளியைப் பார்த்துவிட்டு வெடிச் சத்தமும் முகமூடியுமாகத் தொடங்க நினைப்பவர்கள். எங்கட சனத்திடம் அது சரிவராது, ஏன் என்பதை நாலாவது பகுதியில் எழுதியிருக்கிறேன்.

கீழே உள்ள ஒழுங்கை மாற்றாமல் போங்கள். பூட்டாத கதவுகளோடு ஒத்திகை வைத்தால் ஊழியர்கள் ஒன்றை மட்டும்தான் கற்றுக்கொள்வார்கள்: எங்களால் ஒன்றும் செய்ய ஏலாது என்பதை.

1. எந்த ஆபத்துக்கு ஒத்திகை என்று முதலில் முடிவெடுங்கள்

அமெரிக்காவில் 2000 முதல் 2011 வரை வைத்தியசாலைகளில் நடந்த 154 துப்பாக்கிச் சூட்டுச் சம்பவங்களை ஆராய்ந்திருக்கிறார்கள். 29 வீதம் அவசர சிகிச்சைப் பிரிவில், 23 வீதம் வாகனத் தரிப்பிடத்தில், 19 வீதம் நோயாளியின் அறையில். வந்தவர்களில் பெரும்பாலானோர் யாரோ ஒருவரைக் குறிவைத்து வந்தவர்கள். எங்களுக்கு இன்னும் முக்கியமானது வேறொரு கணக்கு. அவசர சிகிச்சைப் பிரிவில் நடந்த சூடுகளில் 23 வீதத்தில், சுட்டவரின் கையில் இருந்தது காவலரிடமிருந்து பறித்த துவக்கு.

இதை எங்கள் பக்கத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். வெட்டுக் காயத்தோடு ஒருவனைக் கொண்டுவந்து ஏற்றுவார்கள், எதிர்க்குழு வாளோடு பின்னாலேயே ஆஸ்பத்திரிக்கு வரும். வடக்கில் இது செய்தியாக வந்த விடயம்தான். விளக்கமறியல் கைதியைச் சிறைக்காவலர் துவக்கோடு கிளினிக்குக்குக் கூட்டிவருவார், வெளிநோயாளர் வரிசையில் அம்மாக்களும் பிள்ளைகளும் இருக்கிற அதே வாங்கில் அவரும் இருப்பார். கணவனிடம் அடிவாங்கிப் பெண்கள் விடுதியில் படுத்திருப்பவரைத் தேடிக் கணவன் கத்தியோடு வருவான்.

2025 பெப்ரவரி 19 அன்று கொழும்பு புதுக்கடை நீதிமன்ற அறைக்குள், சிறையிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒருவரைச் சட்டத்தரணி உடையில் வந்தவர் சுட்டுக் கொன்றார். துவக்கு உள்ளே வந்தது குடைந்தெடுத்த புத்தகம் ஒன்றுக்குள். நீதிமன்றத்தில் கறுப்புக் கோட்டு எப்படியோ, எங்களிடம் வெள்ளைக் கோட்டும் அப்படித்தான். போட்டுக்கொண்டு வந்தால் கேற்றில் ஒருவரும் மறிக்கமாட்டார்கள்.

பின்னால் வரும் எதிர்க்குழு, கைதியோடு உள்ளே வரும் துவக்கு, மனைவியைத் தேடிவரும் கணவன், இந்த மூன்றில் உங்கள் இடத்துக்கு எது பொருந்தும் என்று பார்த்து, ஒன்றை மட்டும் முதல் ஒத்திகைக்கு எடுங்கள். வாளோடு வருபவருக்கும் துவக்கோடு வருபவருக்கும் தொடக்க வேலை ஒன்றுதான், கதவு மூடுவது. அதனால் எதைத் தெரிவு செய்தாலும் வீண்போகாது. மூன்றையும் ஒரே நாளில் செய்யப் போகிறவர்கள் ஒன்றையும் முடிப்பதில்லை.

2. அனுமதியும் ஆட்களும்

வைத்திய அத்தியட்சகரின் எழுத்துமூல அனுமதி, பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனைக்கு ஒரு கடிதம், பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியோடு நேரில் ஒரு கதை. இந்த மூன்றும் இல்லாமல் நாள் குறிக்காதீர்கள். பொலிசாருக்குத் தெரியாமல் ஒத்திகை நடந்து, யாரோ பயந்துபோய் 119க்கு அடித்து, உண்மையான ஆயுதத்தோடு அவர்கள் உள்ளே ஓடிவந்தால் அன்றைக்கு யாராவது உண்மையிலேயே சாகலாம்.

குழுவில் வைத்தியர் ஒருவர், தாதிய பொறுப்பாளர் ஒருவர், கங்காணி, காவல் கடமைப் பொறுப்பாளர், தொலைபேசிப் பரிமாற்றகத்தில் இருப்பவர். சுகாதார உதவியாளர் ஒருவர் கட்டாயம். பல இடங்களில் உதவியாளர்களைக் கூட்டத்துக்கே கூப்பிடுவதில்லை, வந்தாலும் தேத்தண்ணி கொடுக்கத்தான் வருவார்கள். ஆனால் எந்தக் கதவு இறுகும், எந்தச் சாவி யாருடைய இடுப்பில் தொங்குகிறது, மலசலகூடத்துக்குப் பின்னால் உள்ள வேலி எங்கே பிரிந்து கிடக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். இரவில் விடுதியில் நிற்பது ஒரு தாதியும் ஓர் உதவியாளரும். ஒத்திகை அந்த இரண்டு பேருக்கும் விளங்காவிட்டால் யாருக்கு விளங்கியும் பிரயோசனம் இல்லை.

3. கதவு கதவாக நடந்து பாருங்கள்

வேலையின் பாதி இதுதான், அவசரப்படாதீர்கள். கட்டட வரைபடத்தை வைத்துக்கொண்டு மேசையில் இருந்து செய்யவும் முடியாது. கையில் ஒரு கொப்பியோடு ஒவ்வொரு கதவையும் நீங்களே மூடி, உள்ளேயிருந்து பூட்டிப் பாருங்கள். உதவியாளர் வெளியே நின்று தோளால் தள்ளிப் பார்க்கட்டும்.

என்ன காண்பீர்கள் என்றால், பெரும்பாலான விடுதிக் கதவுகளுக்குக் கொளுக்கி வெளிப்பக்கத்தில் இருக்கும். பாவிக்காத நேரத்தில் ஆமைப்பூட்டுப் போடத்தான் அந்தக் கதவைச் செய்திருக்கிறார்கள், உள்ளே இருப்பவர் தன்னைப் பூட்டிக்கொள்ள வேண்டி வரும் என்று யாரும் யோசிக்கவில்லை. இரட்டைக் கதவில் ஒரு பக்கம் வருடக்கணக்காகத் திறந்தே கிடந்து, கீழ்த் தாழ்ப்பாள் போகும் ஓட்டையில் சீமெந்தும் தூசும் அடைந்திருக்கும். ஓர் ஆணியால் கிண்டினால் அந்த ஓட்டை சரியாகிவிடும். அதைச் செய்யாவிட்டால் அந்தக் கதவு கதவே இல்லை.

பழைய விடுதிகளில் அரைச் சுவரும் மேலே வலையும்தான். அங்கே முழு விடுதியையும் பாதுகாக்க நினைக்காதீர்கள். விடுதிக்குள் ஓர் அறையைத் தெரிவு செய்யுங்கள்: மருந்து அறை, பால் அறை, சீலை அறை, எதுவானாலும். சுவர் கல்லாக இருக்க வேண்டும், கதவு உள்ளே பூட்ட வேண்டும், நடைபாதையிலிருந்து பார்த்தால் உள்ளே ஆள் தெரியக்கூடாது. சண்டைக்குப் பிறகு கட்டிய புதுக் கட்டடங்களில் அழகான அலுமினியத் தடுப்பும் கண்ணாடியும் இருக்கும். அதற்குப் பின்னால் ஒளிக்கலாம், ஆனால் அது சன்னத்தைத் தடுக்காது. ரி-56 துவக்கின் சன்னம் பலகைக் கதவையும் அலுமினியத்தையும் துளைத்துக்கொண்டு போகும். அதனால் அறைக்குள் போனபிறகும் கதவுக்கு நேரே நிற்கக்கூடாது, கல் சுவர்ப் பக்கம் ஒதுங்க வேண்டும். எது தடுக்கும், எது தடுக்காது என்று எங்கட வயது போனவர்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை, இளம் தாதியருக்குத்தான் சொல்ல வேண்டும்.

பூட்டு இல்லாத கதவுக்குக் காசு வரும்வரை காத்திருக்க வேண்டாம். உள்ளே திறக்கும் கதவென்றால் மர ஆப்பு ஒன்று போதும், ஆஸ்பத்திரித் தச்சர் ஒரு நாளில் ஒரு கட்டடத்துக்கே வெட்டிக் கொடுப்பார். நூல் கட்டிக் கதவுப் பிடியிலேயே தொங்கவிடுங்கள். இழுப்பறைக்குள் வைத்தால் தேவைப்படும் நேரம் கிடைக்காது. வெளியே திறக்கும் கதவுக்கு ஆப்பு வேலை செய்யாது, அதற்குச் சேலைக் கிழிசலோ கட்டுத்துணியோ பிடியில் கட்டி ஏதாவது அசையாத ஒன்றில் இழுத்துக் கட்ட வேண்டும். கட்டிலின் சில்லுகளைப் பூட்டிக் கதவுக்குக் குறுக்கே தள்ளலாம். சில்லுப் பூட்டு வேலை செய்யாத கட்டில் என்றால் தள்ளிய வேகத்திலேயே திரும்பி வரும், அதையும் அன்றைக்கே பாருங்கள்.

நடந்து முடியும்போது உங்களிடம் இருக்க வேண்டியவை: ஒவ்வொரு விடுதிக்கும் ஒரு பாதுகாப்பு அறை, வெளியேற இரண்டு வழி, திருத்த வேண்டிய கதவுகளின் பட்டியல். பட்டியலில் உள்ள சின்ன வேலைகள் முடியும்வரை ஒத்திகைத் திகதி போட வேண்டாம். நோயாளிகள் தப்பி ஓடிவிடுவார்கள் என்று பின்வாசலை நிரந்தரமாகச் சங்கிலி போட்டு வைத்திருப்பதைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன். அந்தச் சாவி எங்கே என்று கேளுங்கள். யாராவது "அது ஒபிசில்" என்றால் அந்த வாசலை வெளியேறும் வழிக் கணக்கில் இருந்து வெட்டிவிடுங்கள்.

4. செல்லடி (எறிகணை வீச்சு) காலத்துப் பழக்கத்தைப் பற்றி முன்கூட்டியே பேசுங்கள்

வெளிநாட்டு வழிகாட்டிகளில் இது இருக்காது.

வன்னி ஆஸ்பத்திரிகளில் வேலை செய்யும் பலருக்கு, படுத்திருக்கும் நோயாளிகளில் இன்னும் பலருக்கு, வெடிச் சத்தம் கேட்டால் உடம்பு தானாகச் செய்யும் வேலைகள் சில உண்டு. குப்புற விழுவது, பங்கர் தேடுவது, முதல் சத்தம் ஓய்ந்ததும் காயக்காரரைத் தூக்க ஓடுவது. 2009 தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி மீதே எறிகணைகள் விழுந்த நாட்களைக் கடந்தவர்கள் இவர்கள். அந்தப் பழக்கம்தான் அவர்களை உயிரோடு வைத்தது, அதைப் பிழை என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

ஆனால் செல்லுக்கு ஆளைத் தெரியாது. ஆயுததாரிக்குத் தெரியும், அவர் நடந்து வருகிறார், பார்க்கிறார், தெரிவு செய்கிறார். நடைபாதையில் குப்புறப் படுத்தால் செல்லின் சிதறல் மேலால் போகலாம், நடந்து வருபவருக்கோ நீங்கள் அசையாத இலக்கு. சுடும் ஆள் உள்ளே நிற்கும்போதே காயக்காரரைத் தூக்க ஓடினால் அடுத்த காயக்காரர் நீங்கள்தான். ஒரு சூடு கேட்டு அமைதியானால் செல்லடியில் அது மூச்சுவிடும் நேரம், இங்கே அவர் தோட்டா மாற்றிக்கொண்டிருக்கலாம், அடுத்த விடுதிக்கு நடந்துகொண்டிருக்கலாம். கண்ணுக்கு எட்டாமல் போவதும் இடையில் ஒரு பூட்டிய கதவைப் போடுவதும்தான் முதல் வேலை.

இதைச் சின்னக் குழுக்களாக, இருந்து, ஆறுதலாகப் பேசுங்கள். பேசும்போது யாராவது எழும்பி வெளியே போனால் விடுங்கள், பின்னால் ஒருவர் போய்ப் பக்கத்தில் இருக்கட்டும். ஒத்திகையில் பங்குபற்ற விருப்பமில்லாதவர் காரணம் சொல்லாமல் விலகலாம் என்பதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். அவருக்குப் பார்வையாளர் வேலையோ நேரம் குறிக்கும் வேலையோ கொடுக்கலாம், கதவுப் பாடத்தை மட்டும் தனியாகச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

சத்தம் வேண்டவே வேண்டாம். வெற்றுத் தோட்டா, சீனவெடி, ஒலிபெருக்கியில் பதிவு செய்த வேட்டுச் சத்தம், பொய் இரத்தம், ஒன்றும் வேண்டாம். சொல்லாமல் திடீரென்று நடத்தும் ஒத்திகையும் வேண்டாம். "திடீரென்று நடத்தினால்தானே உண்மையில் என்ன செய்வார்கள் என்று தெரியும்" என்று ஒரு கூட்டத்தில் யாராவது கட்டாயம் சொல்வார். என்ன செய்வார்கள் என்று எங்களுக்கு ஏற்கெனவே தெரியும், பயப்படுவார்கள். பயந்து நடுங்கிய ஆள் அன்றைக்கு எதையும் படிப்பதில்லை, அடுத்த ஒத்திகை நாளில் மருத்துவ லீவு போடுவார்.

5. அறிவிப்பும் தொலைபேசியும்

நிறப் பெயர் வைத்த இரகசியக் குறியீடுகளை விட்டுவிடுங்கள். போன மாதம் மாற்றலாகி வந்தவருக்கும் துணைக்கு நிற்கும் அம்மாவுக்கும் அது விளங்காது. நேரடியாகச் சொல்லுங்கள்: "ஆயுதம் வைத்திருக்கும் ஒருவர் அவசர சிகிச்சைப் பிரிவில் நிற்கிறார். கதவுகளை மூடுங்கள். அந்தப் பக்கம் போகாதீர்கள்." மூன்று முறை தமிழில், மூன்று முறை சிங்களத்தில். எங்கள் வைத்தியசாலைகளில் தென்பகுதியிலிருந்து வந்த வைத்தியர்களும் தாதியரும் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தமிழ் அறிவிப்பு பாதி விளங்கி மீதிக்கு ஆளைக் கேட்கப் போனால் நேரம் போய்விடும்.

இடம் சொல்லாத அறிவிப்பு ஆபத்தானது. எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாதவர் சில நேரம் நேராக அவரிடமே ஓடுவார். தீ மணியை இதற்குப் பாவிக்கக்கூடாது, மணி கேட்டால் எல்லோரும் அறைகளை விட்டு நடைபாதைக்கு வந்துவிடுவார்கள்.

யார் அறிவிக்கலாம்? காண்பவர் யாரும். அத்தியட்சகரிடம் அனுமதி கேட்டு, அவர் பொறுப்பதிகாரியிடம் கேட்டு என்று ஒரு சங்கிலி வைத்தால் அது அறுந்துபோகும். ஒலிபெருக்கி இல்லாத விடுதிகளுக்கு, பரிமாற்றகத்தில் இருப்பவர் எந்த ஒழுங்கில் இண்டர்கொம் அழைப்புக் கொடுப்பது என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பரிமாற்றகம் முன்வாசலுக்குப் பக்கத்திலேயே இருந்தால் அந்த ஆள்தான் முதலில் ஓட வேண்டியவர், அப்படியென்றால் அறிவிப்பு இன்னோர் இடத்திலிருந்தும் போக ஒரு வழி வேண்டும்.

119க்கு அழைப்பவருக்கு ஒரு சின்ன அட்டை: வைத்தியசாலையின் பெயர், எந்தக் கட்டடம், எத்தனை பேர், என்ன ஆயுதம், என்ன உடுப்பு, எந்த வாசலால் பொலிசார் வரலாம். இதைச் சிங்களத்தில், தமிழ் எழுத்தில், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மறுமுனையில் தமிழ் தெரிந்தவர் இருப்பார் என்று நம்பி உயிரை அடகு வைக்க முடியாது. உள்ளூர் நிலையத்தின் நேரடி இலக்கமும் அட்டையில் இருக்கட்டும். ஆபத்து இன்னும் நீங்காதபோது 1990 அம்புலன்ஸ் வளவுக்குள் வந்துவிடாமல் நிறுத்துவதும் அழைப்பவரின் வேலைதான். அதையும் அட்டையில் எழுதுங்கள், யாருக்கும் அந்த நேரத்தில் ஞாபகம் வராது.

6. யார் ஓடலாம், யார் ஓட முடியாது

"ஓடு, ஒளி, கடைசியில் போராடு" என்பது அலுவலகத்துக்கும் கடைத்தெருவுக்கும் பொருந்தும். ஆஸ்பத்திரியில் வயிறு திறந்த நோயாளி மேசையில் கிடக்கிறார், செயற்கைச் சுவாசத்தில் ஒருவர் இருக்கிறார், தலை வெளியே வந்துகொண்டிருக்கும் பிள்ளை ஒன்று இருக்கிறது. 2018இல் அமெரிக்க அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் சிலர் இப்படிப்பட்ட இடங்களுக்கு வேறொரு ஒழுங்கை முன்வைத்தார்கள்: முதலில் அந்த இடத்தைப் பூட்டு, அடுத்து நோயாளியின் உயிரையும் உன் உயிரையும் காப்பாற்று, வேறு வழியே இல்லாவிட்டால் போராடு.

ஆக இரண்டாகப் பிரியுங்கள். வெளிநோயாளர் பிரிவு, கிளினிக், மருந்தகம், அலுவலகம், சமையலறை: ஓடக்கூடியவர்கள் ஓடட்டும், நடக்கக்கூடிய நோயாளிகளையும் கூப்பிட்டுக்கொண்டு. தியேட்டர், தீவிர சிகிச்சை, பிரசவ அறை, குறைமாதக் குழந்தைகள் பிரிவு: இவை பூட்டிக்கொண்டு இருக்கும். பொது விடுதிகள் இரண்டுக்கும் நடுவில். நடக்கக்கூடியவர்களைப் பாதுகாப்பு அறைக்குள் எடுங்கள், கட்டிலோடு உள்ளவர்களுக்கு விடுதிக் கதவை மூடி வெளிச்சத்தை அணைத்து, கட்டிலை வாசலின் நேர்ப் பார்வையிலிருந்து தள்ளுங்கள்.

நோயாளியை விட்டுவிட்டு ஓடலாமா என்ற கேள்வி எந்தக் கூட்டத்திலும் வரும். வந்ததும் அறை அமைதியாகிவிடும். அதை மழுப்பாதீர்கள். யாரையும் நின்று சாகச் சொல்லி ஆணையிட எவருக்கும் உரிமை இல்லை, ஓடியவரைப் பிறகு குற்றம் சாட்டவும் கூடாது. ஆனால் நிற்பதா போவதா என்பதை அவரவர் இன்றைக்கே, ஆறுதலாக, தன்னோடு பேசி வைத்துக்கொள்ள வேண்டும். நிற்க நினைப்பவருக்குப் பூட்டும் அறையும் கையில் இருக்க வேண்டும், அதைக் கொடுப்பது நிர்வாகத்தின் கடமை.

போராடுவது பற்றிச் சுருக்கமாக. ஆள் அறைக்குள் வந்துவிட்டார், தப்ப வழியில்லை என்றால் மட்டும், எல்லோரும் ஒரே நேரத்தில், கையில் கிடைத்ததோடு: சேலைன் ஸ்ராண்ட், தீயணைக்கும் உருளை, கதிரை. ஒருவர் மட்டும் பாய்வது வேண்டாம். இதை ஒத்திகையில் செய்து பார்க்கவும் வேண்டாம், யாருடையாவது கை முறியும்.

7. மேசையில் ஒரு முறை

உண்மையான ஒத்திகைக்கு முன் ஒரு மேசையைச் சுற்றி இருந்து கதையாக நடத்துங்கள். விடுதியின் வரைபடத்தை ஒரு பெரிய தாளில் கீறி, கட்டில்களுக்குத் தீப்பெட்டிகள் வையுங்கள். ஒருவர் நிலைமையைச் சொல்வார், மற்றவர்கள் தான் என்ன செய்வேன் என்று சொல்வார்கள், தனக்கு அந்த நேரத்தில் என்ன தெரியும் என்பதை வைத்து மட்டும்.

முதல் கதை பகலில், ஆட்கள் நிறைந்த நேரத்தில். அடுத்த கதை இரவு 9 மணி, கரண்ட் போய் ஜெனரேற்றர் இன்னும் பிடிக்கவில்லை, விடுதியில் ஒரு தாதி. மூன்றாவது, பார்வையாளர் நேரம், விடுதியில் நோயாளிகளைவிடச் சொந்தக்காரர் அதிகம். அவர்களை யார் பார்ப்பது? அறைக்குள் இடம் இருக்கிறதா? பிள்ளை தேத்தண்ணிக் கடைக்குப் போயிருக்கிறான் என்று கதவைத் திறக்கச் சொல்லி அழும் தாய்க்கு என்ன சொல்வீர்கள்? பூட்டிய கதவை யாருக்குத் திறப்பது, எப்போது திறப்பது என்பதை இந்த மேசையில்தான் முடிவெடுக்க வேண்டும்.

இங்கே வழக்கமாக வரும் பிழை, வைத்தியர்கள் பேசி மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பது. கதையை நடத்துபவர் முதலில் காவலாளியிடம் கேட்க வேண்டும், பிறகு உதவியாளர், பிறகு தாதி, கடைசியாக வைத்தியர்.

8. ஒரு விடுதியில், நடந்து

ஒரு விடுதி, ஒரு பணிமாற்றக் குழு, வேகம் இல்லாமல். காலைக் குழு ஒரு மணிக்குக் கைமாற்றும் நேரத்தைத் தவிருங்கள், மருந்து கொடுக்கும் நேரத்தையும். பின்னேரம் இரண்டு மணிபோல நல்லது, விடுதி கொஞ்சம் அடங்கியிருக்கும்.

நோயாளிகளிடம் முதல் நாளே கட்டில் கட்டிலாகப் போய்ச் சொல்லுங்கள், அன்று காலையும் சொல்லுங்கள்: நாளைக்குக் கதவு மூடிப் பழகப் போகிறோம், நீங்கள் படுத்திருந்தால் போதும், சத்தம் ஒன்றும் இருக்காது. வயது போன ஐயா ஒருவர் "ஏன் தங்கச்சி, திரும்பத் தொடங்கிட்டுதோ?" என்று கேட்பார். இல்லை ஐயா, இது எங்களுக்குப் பயிற்சி என்று இருந்து பதில் சொல்ல நேரம் வையுங்கள். நோயாளிகளை நகர்த்த வேண்டாம், கட்டிலில் கிடப்பவராக ஓர் ஊழியர் நடிக்கட்டும்.

அறிவிப்பை ஒருவர் வாயால் சொல்வார். அதிலிருந்து கடைசிக் கதவு உள்ளே பூட்டும்வரை நேரம் குறியுங்கள். முதல் முறை சாவி தேடுவார்கள், ஒருவர் கதவை மூடப் போகையில் இன்னொருவர் அதே கதவால் வெளியே வருவார், எல்லோரும் மருந்து அறைக்குள் போய்விட்டு வெளிச்சத்தை அணைக்க ஒருவரும் இருக்கமாட்டார்கள். சிரிப்பு வரும், சிரிக்கட்டும். நிறுத்தி, யார் கதவு, யார் வெளிச்சம், யார் தொலைபேசி, யார் நடக்கக்கூடியவர்கள் என்று நாலு வேலையைப் பிரியுங்கள். பெயருக்குப் பிரிக்காமல் இடத்துக்குப் பிரியுங்கள்: வாசலுக்குக் கிட்ட நிற்பவர் கதவு, சுவிட்சுக்குக் கிட்ட நிற்பவர் வெளிச்சம். பெயருக்குப் பிரித்தால் அவர் லீவில் நிற்கும் நாளில் வேலை அந்தரத்தில் நிற்கும். அப்புறம் அதே விடுதியில் உடனே இன்னொரு தடவை.

உள்ளே போனதும் கைபேசியை அதிர்வும் இல்லாமல் அமைதியாக்க வேண்டும். வீட்டுக்கு அழைக்கக்கூடாது, வட்ஸ்அப்பில் போடக்கூடாது. பரந்தன் சந்திவரை செய்தி போய்ச் சொந்தக்காரர் வான் பிடித்துக் கேற்றுக்கு வந்து நின்றால், பொலிசாருக்குப் பாதை கிடையாது.

9. முழு வைத்தியசாலை ஒத்திகை

எல்லா விடுதிகளும் தனித்தனியாகச் செய்து முடித்த பிறகுதான் இது. அவசரம் இல்லை, சில மாதம் போனாலும் போகட்டும்.

தியேட்டர், தீவிர சிகிச்சை, பிரசவ அறை மூன்றையும் உண்மையான ஒத்திகையிலிருந்து விலக்கிவையுங்கள். அவர்கள் அறிவிப்பைக் கேட்டு வாயால் பதில் சொன்னால் போதும். அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு குழு முழுக்க நோயாளிகளை மட்டும் பார்க்கும், அவர்கள் ஒத்திகையில் இல்லை என்று தெரிய வேறு நிறச் சட்டை போடட்டும்.

ஆயுததாரியாக நடிப்பவர் எல்லோருக்கும் தெரிந்த ஊழியர் ஒருவராக, சீருடை இல்லாமல், கழுத்தில் "ஒத்திகை" என்ற பெரிய அட்டையோடு, கையில் ஒன்றும் இல்லாமல் நடப்பார். ஓடமாட்டார், கத்தமாட்டார். விளையாட்டுத் துவக்குகூட வேண்டாம், தூரத்தில் நிற்பவருக்கு அது விளையாட்டுத் துவக்கு என்று தெரியாது. பங்குபற்றும் பொலிசார் ஆயுதத்தை வளவுக்கு வெளியே ஒப்படைத்துவிட்டு வர வேண்டும், அதை இரண்டு பேர் பார்த்து உறுதி செய்ய வேண்டும். அன்றைக்குக் கைதியோடு வந்திருக்கும் சிறைக்காவலரிடமும் தனியாகச் சொல்லுங்கள், இதைத்தான் பலர் மறக்கிறார்கள். அவருக்குத் தெரியாது, அவரிடம் துவக்கு இருக்கிறது, யாரோ ஓடுகிறார்கள். மிச்சத்தை நீங்களே யோசியுங்கள்.

நிறுத்தும் சொல் ஒன்று வேண்டும்: "உண்மை, உண்மை, உண்மை." யார் சொன்னாலும் எல்லாம் நிற்க வேண்டும், ஒத்திகைக்குள் உண்மையாகவே ஒருவருக்கு நெஞ்சுவலி வரலாம்.

முன்கேற்றிலும் பஸ் தரிப்பிலும் இரண்டு மொழியில் அறிவித்தல், முச்சக்கரவண்டிக்காரருக்கு வாயால், பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கும் கிராம அலுவலருக்கும் கடிதம். 1990க்கும் அறிவியுங்கள்.

வெளியே ஓடுபவர்களுக்குத் தீ ஒத்திகையின் ஒன்றுகூடும் இடத்தைக் கொடுக்காதீர்கள். அது திறந்த வெளி, முன்வாசலுக்கு நேரே. வளவை விட்டே வெளியேறி, இரண்டு மூன்று இடங்களில், சுவர் மறைவில் நிற்கட்டும். தலை எண்ணுவது பிறகு, விடுதிப் பொறுப்பாளர்களிடம் தொலைபேசியில்.

10. பொலிசார் உள்ளே வந்த பிறகு

இந்தப் பகுதியைப் பெரும்பாலான ஒத்திகைகள் தொடாமலே முடிந்துவிடும். உள்ளே வரும் பொலிசாருக்கோ இராணுவத்துக்கோ யார் ஊழியர், யார் ஆயுததாரி என்று தெரியாது. கை இரண்டும் வெறுமையாக, விரித்து, உயர்த்தி நிற்க வேண்டும். அவர்களை நோக்கி ஓடக்கூடாது, கையைப் பிடித்து இழுக்கக்கூடாது, கத்தரிக்கோலோ ஊசியோ கையில் இருந்தால் போட்டுவிட வேண்டும். முதலில் வருபவர்கள் காயக்காரரைத் தாண்டிப் போவார்கள். அது கல்நெஞ்சு இல்லை, ஆளை நிறுத்துவதுதான் அவர்களின் வேலை.

சீருடையும் துவக்கும் விடுதிக்குள் நுழைவதே இங்கே பலருக்கு வேறு நினைவுகளைக் கிளப்பும். இதைப் பொறுப்பதிகாரியிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். கதவைத் தட்டும்போது என்ன சொல்வார்கள், யார் அடையாளம் காட்டுவார் என்று பேசி வைத்தால், உண்மை நாளில் கதவைத் திறக்கும் தாதிக்கு ஒரு பிடி இருக்கும். விடுதித் தொலைபேசியில் அத்தியட்சகரோ பரிமாற்றகமோ சொல்லாமல் திறப்பதில்லை என்று வைத்துக்கொள்வது நல்ல ஒழுங்கு.

பிறகு காயக்காரர். அவசர சிகிச்சைப் பிரிவிலேயே சம்பவம் நடந்திருந்தால் அங்கே சிகிச்சை செய்ய முடியாது, அது குற்றம் நடந்த இடம். மாற்று இடம் எது? கிளினிக் மண்டபமா, பகல் விடுதியா? அங்கே ஒரு பெட்டி முன்கூட்டியே இருக்க வேண்டும்: அழுத்துக் கட்டுகள், கோஸ், கையுறை, இரத்தப்போக்கை நிறுத்தும் இறுக்குப் பட்டிகள், நேரம் எழுதப் பேனை. கை காலில் இரத்தம் பீறிட்டால் காயத்துக்கு மேலே ஐந்து முதல் ஏழு சென்ரிமீற்றர் தள்ளி, மூட்டின் மேல் படாமல், பட்டியை இரத்தம் நிற்கும்வரை இறுக்கி நேரம் எழுதுங்கள். இடுப்பு மடிப்பிலும் அக்குளிலும் பட்டி போட முடியாது, அங்கே கோஸை உள்ளே அடைத்து இரண்டு கையாலும் அழுத்த வேண்டும். இது தாதியருக்குத் தெரியும், காவலாளிக்கும் எழுதுவினைஞருக்கும் தெரியாது. கதவுப் பின்னால் காத்திருக்கும் நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் அவர்களாகத்தான் இருக்கலாம், அவர்களுக்கும் பழக்குங்கள்.

மேல்சிகிச்சைக்கு எங்கே அனுப்புவது என்பதையும் எழுதிவையுங்கள். மாங்குளத்திலிருந்து வவுனியாவா கிளிநொச்சியா யாழ்ப்பாணமா என்று ஏ9 வீதியில் ஏறிய பிறகு யோசிக்க முடியாது.

11. அன்றைக்கே இருந்து பேசுங்கள்

முடிந்த உடனே, அதே உடுப்போடு, தேத்தண்ணியோடு, அரை மணித்தியாலம். முதலில் எது வேலை செய்யவில்லை என்று உதவியாளர்கள் சொல்லட்டும். யார் பிழை விட்டார் என்று கேட்க வேண்டாம், எந்தக் கதவு, எந்தச் சாவி, எந்தத் தொலைபேசி என்று கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் ஒரு திகதியும் போட்டு எழுதுங்கள். திகதி இல்லாத குறை அடுத்த வருடமும் அதே கொப்பியில் இருக்கும்.

ஒருவர் பேசாமல் இருந்தால் கவனியுங்கள். அன்றிரவு நித்திரை வராமல் போகலாம், பழையது திரும்பி வரலாம் என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லி, மனநலப் பிரிவில் யாரைச் சந்திக்கலாம் என்பதையும் சொல்லுங்கள். அந்த மனநல உத்தியோகத்தர் அன்றைக்கு வளவில் நிற்கும்படி ஏற்பாடு செய்வது இன்னும் நல்லது. அன்றிரவு கடமைக்குப் போகிறவரைப் பகல் ஒத்திகையில் சேர்க்க வேண்டாம்.

12. திரும்பத் திரும்ப, சின்னதாக

வன்னியில் ஊழியர்கள் நிலைத்து நிற்பதில்லை. வருடாந்த இடமாற்றத்தோடு பாதி விடுதி புது முகமாகிவிடும், பயிற்சி வைத்தியர்கள் வருவார்கள், போவார்கள், காவல் கடமைக்கு ஒப்பந்தம் எடுத்த நிறுவனம் ஆளை மாற்றிக்கொண்டே இருக்கும். வருடத்துக்கு ஒரு பெரிய ஒத்திகை வைத்துப் படம் எடுத்துச் சுவரில் போடுவதை நம்ப வேண்டாம். புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளிலேயே, விடுதியைச் சுற்றிக்காட்டும்போது, பாதுகாப்பு அறைக் கதவை அவரே உள்ளேயிருந்து பூட்டித் திறந்து பார்க்கட்டும். மூன்று நிமிட வேலை. இரண்டு மாதத்துக்கொரு முறை விடுதிக்குள் கதவு ஒத்திகை ஒன்று, ஒரு தடவையாவது இரவுக் குழுவோடு.

மாரியில் மரக் கதவுகள் ஊறி இறுகும், தாழ்ப்பாள் ஓட்டைக்கு நேரே வராது. ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்ததும் மூன்றாவது பகுதியில் எழுதிய கொப்பியை எடுத்துக்கொண்டு இன்னொரு சுற்று நடவுங்கள்.